தனுஷ்கோடிக்கு வருகிறீர்களா, வாருங்கள்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். தனுஷ்கோடியில் ஆட்கள் இருக்கிறோம். அடுப்பு எரிகிறது, பிள்ளை பிறக்கிறது, கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம், பங்காளிச் சண்டையும் போடுகிறோம். செத்த ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று மதுரையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் வண்டி ஏறுகிறீர்கள். வந்து இறங்கி, இடிந்த சர்ச்சுக்கு எதிரே கடை போட்டிருக்கும் என்னிடமே கேட்கிறீர்கள்: "அக்கா, ராத்திரி இங்க பேய் நடமாட்டம் இருக்காமே, நெசமா?" மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த கையோடு உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். என்ன பதில் சொல்ல? என் மாமியாரைப் பெற்றவள் அந்தப் புயலில் போனவள். அவளைத்தான் பேய் என்று தேடி வந்திருக்கிறீர்கள். அடுத்த மூச்சிலேயே, வறுவல் ஒரு தட்டு எவ்வளவு என்கிறீர்கள்.

அந்தப் புயலை நான் சொல்லத் தேவையில்லை. பயமுறுத்துகிற மியூசிக்கைப் போட்டு ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். 1964 டிசம்பர் 22, நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பி வந்த பாசஞ்சர், ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் சிக்னல் கிடைக்காமல் நின்றது. நின்ற இடத்திலேயே கடல் அதை வாரிக்கொண்டு போனது. ரயிலில் இருந்தவர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல். ஊருக்குள் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஸ்டேஷன், கஸ்டம்ஸ் ஆபீஸ், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிற துறை எல்லாம் இருந்த ஊர். விடிந்தபோது சுவர்தான் மிச்சம். அதற்குப் பிறகு அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது, இது மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று. அன்றைக்கு அது சரிதான். பிணம் ஒதுங்கிக் கிடக்கிற மண்ணில் யாரைக் குடியிருக்கச் சொல்வது?

ஆனால் மீன் இங்கேதானே இருக்கிறது. ராமேஸ்வரத்தில் படுத்துக்கொண்டு இங்கே வலை வளைக்க முடியாது. திரும்பி வந்தார்கள். குடிசை போட்டார்கள். கம்பிப்பாடு, பாலம், தனுஷ்கோடி என்று மணல்மேட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்றைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. உத்தரவுக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது. பட்டா கேட்டால் அந்த உத்தரவு. கரண்டு கேட்டால் அந்த உத்தரவு. நாலு சுவர் சிமென்ட் வைத்துக் கட்டலாமா என்றால் அதே உத்தரவு. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சிம்னியும் அரிக்கேனும்தான். அப்புறம் சோலார் தகடு. பிறகு 2017 ஜூலையில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார் ரோடு திறந்தார்கள், பிரதமரே ராமேஸ்வரத்துக்கு வந்து. அன்றைக்கு அந்த உத்தரவை யாரும் எடுத்து வாசிக்கவில்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத மண்ணுக்கு மனிதர் கார் நிறுத்துகிற தகுதி எப்படி வந்தது? ஐயா, எனக்குப் படிப்புக் குறைவு. யாராவது விளக்கிச் சொல்லுங்கள்.

இதற்கு நீங்கள் காரணமில்லை, தெரியும். ஆனால் அந்த ரோட்டில் வருகிறவர்கள் நீங்கள்தான். மனு வாங்குகிற மேசையில் இருப்பவர்கள் எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நீங்களாவது பார்க்கிறீர்கள், கேமரா வழியாக. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ரோடு வருவதற்கு முன்னால் வேனிலும் ஜீப்பிலும், மணலில் புதைந்து புதைந்து, கடல் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டுதான் இங்கே வருவீர்கள். ஓட்டியவர்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். இது ஸ்டேஷன், இது ஊத்து, இதை மிதிக்காதீர்கள், அந்தப் பக்கம் கடலில் இறங்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் கூட்டிவருவார்கள். ரோடு வந்தது, வேன்களுக்கு வேலை போனது. அந்தப் பிழைப்போடு, உங்களுக்குச் சொல்லித் தருகிற ஆளும் போய்விட்டது.

ஊத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதை மட்டுமாவது கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் இந்த மணல். இதில் நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். வந்தவர்கள் அதிசயம் என்கிறார்கள், ராமர் கொடுத்தது என்கிறார்கள். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே பால்மேல் ஏடு படிகிற மாதிரி நிற்கிறது. அவ்வளவுதான். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். ஆகவே குழிக்குள் இறங்கிக் குந்தி, சிரட்டையால் மேலாக மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். நாலு சிரட்டை மொண்டதும் கையை நிறுத்தி, ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கலங்கிவிடும். சித்திரை வைகாசியில் ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். மொண்டு முடித்ததும் நாய் வாய் வைக்காமலிருக்க ஓலைத்தட்டியால் மூடி, மேலே கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வருவோம்.

அந்தத் தட்டியை எடுத்துப் போட்டுவிட்டு ஒருவர் கால் கழுவினார். கடலில் ஆடிவிட்டு வந்த உப்புக் கால். செருப்பை வேறு குழி ஓரத்தில் தட்டினார். "அண்ணே, அண்ணே, குடிக்கிற தண்ணிண்ணே" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "சாரிம்மா, தெரியாது" என்றார். நல்ல மனுஷன்தான், முகம் வாடிவிட்டது. கூட வந்த அம்மாள்தான் குழியை எட்டிப் பார்த்து, "இதையா குடிக்கிறீங்க? அய்யய்யே" என்றார். தண்ணீரை முழுக்க இறைத்துக் கொட்டி, ஓரத்து மணலை வழித்து எறிந்துவிட்டு, புதிதாக ஊற விட்டோம். அன்றைக்கு நான் உலை வைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அவர் நூறு ரூபாய் நீட்டினார். வாங்கவில்லை. கார் கதவைத் திறந்தபோது பார்த்தேன், பின் சீட்டில் இருபது லிட்டர் கேன் இரண்டு இருந்தது. அதிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் காலைக் கழுவியிருக்கக் கூடாதா?

என் அம்மா அதே ஊத்துக்குள் குந்தியிருக்கும்போது மேலே நின்று ஒரு பையன் வீடியோ எடுத்தான். கேட்கவில்லை. மாராப்பு ஒதுங்கிக் கிடந்த நேரம். லட்சம் பேர் பார்த்தார்களாம். பேய் நகரத்தின் கடைசிக் கிழவி என்று மேலே எழுத்துப் போட்டு, ஒப்பாரி மாதிரி ஒரு பாட்டையும் சேர்த்துவிட்டிருந்தான். அவளுக்குப் பேரன் பேத்தி எத்தனை, அவள் நடத்திவைத்த கல்யாணம் எத்தனை, அவனுக்கென்ன தெரியும்? என் தங்கை வீட்டுக்காரர் ராமநாதபுரத்திலிருந்து போன் பண்ணி, "அத்தையைப் பாத்தேன் போன்ல" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மாவுக்குக் காட்டினோம். பார்த்தாள். அதற்குப் பிறகு பகலில் ஊத்துப் பக்கம் போவதே இல்லை. எழுபது வயது தாண்டியவள் இருட்டில் தடவிக்கொண்டு குழிக்குள் இறங்குகிறாள். என்ன தப்புச் செய்தாள் அவள்? தண்ணீர் எடுத்தாள்.

கரைவலை இழுப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். பாருங்கள், அழகுதான், நானே சொல்கிறேன். வள்ளத்தில் வலையை ஏற்றிப் போய் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசையாக இடுப்பில் கயிற்றைக் கொடுத்துப் பின்னுக்கு நடந்து இழுப்போம். வாடைக்காலத்தில் தெற்குக் கடலில், கச்சான் அடிக்கும்போது வடக்குக் கடலில். மூன்று மணி, நாலு மணி நேரம் ஆகும். மடி கரை ஏறினால்தான் சூடையா, காரலா, உடம்பெல்லாம் அரிக்கிற வெறும் சொறியா என்று தெரியும். அந்த நேரம் பார்த்துக் கயிற்றுக்கு நடுவில் புகுந்து செல்ஃபி எடுக்காதீர்கள். இழுவை தளர்ந்தால் மீன் வெளியே போய்விடும். பேத்தையைத் தூக்கி வயிறு ஊதுகிறதா என்று பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டாதீர்கள். பெண்கள் சேலையை வரிந்து கட்டியிருப்பது வேலைக்காக, உங்கள் படத்துக்காக இல்லை.

இழுக்கிறவர்கள் எல்லோரும் வெறுங்கால்தான். செருப்புப் போட்டால் மணலில் ஊன்ற முடியாது. என் கொழுந்தன் குதிகாலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தும் கயிற்றை விடவில்லை. விட்டால் பின்னால் இருப்பவன் விழுவான். ஓடிப் போய் மணலைத் தோண்டினால், பீர் பாட்டிலின் அடிப்பாகம், பச்சைக் கண்ணாடி, பல்லை மேலே காட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்திலேயே மெழுகுவத்தித் துண்டுகளும் கேக் அட்டையும் கிடந்தன. யாருக்கோ பிறந்தநாள். நல்லா இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர் தள்ளி ராமேஸ்வரத்தில். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உங்கள் கார்கள் ரோட்டின் இரண்டு ஓரமும் அடைத்து நின்றன. ஆட்டோக்காரப் பையன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒருவர் கண்ணாடியை இறக்கி, "என்னப்பா அவசரம், பொறுமையா போ" என்றார். என் மடியில் அவன் கால். கட்டியிருந்த துண்டு நனைந்து என் சேலையும் நனைந்துவிட்டது. நரம்பு அறுந்துவிட்டதென்று தையல் போட்டு, மாசக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். கயிறு இழுக்காதவனுக்குப் பங்கு கிடையாது, அது கரைவலை நியாயம். கூட்டாளிகள் இரக்கப்பட்டு அரைப்பங்கு கொடுத்தார்கள். மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கினோம். இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் உடைத்த பாட்டிலுக்கு வட்டி கட்டுகிறோம்.

அரிச்சல்முனையில் குளிக்காதீர்கள். போர்டு வைத்திருக்கிறார்கள், போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி வாய் வலிக்க நிற்கிறார். எனக்கு நீச்சல் தெரியும் என்கிறீர்கள். கிணற்று நீச்சல் இங்கே எடுபடாது. வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்போம், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்போம். முனையில் இரண்டு நீரோட்டமும் முட்டிக் காலுக்கடியில் மணலை அறுத்துக்கொண்டே இருக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கிறவன், அடி சரிந்தால் கழுத்துத் தண்ணீரில் இருப்பான். அப்புறம் கத்துகிறீர்கள். யாரைக் கூப்பிட்டு? ஆளில்லாத ஊர் என்றுதானே வந்தீர்கள்? எங்கள் பிள்ளைகள் வலையைப் போட்டது போட்டபடி ஓடுகிறார்கள். சிலரை உயிரோடு கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சிலர் அடுத்த நாள் வேறு பக்கம் ஒதுங்குவார்கள். அப்படி ஒதுங்கினவர்களுக்கு நாங்கள் உடுத்துகிற சேலையைக் கொண்டுபோய்ப் போர்த்தியிருக்கிறோம். அந்தத் தாய் வந்து விழுந்து அழும்போது கூட உட்கார்ந்து அழுதிருக்கிறோம். பேப்பரில் மீனவர்கள் உதவியுடன் என்று இரண்டு வார்த்தை வரும். பேர் வராது. பரிசு யாரும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க இங்கே ஒரு நர்ஸம்மா இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தோம், கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

சர்ச் சுவரில் பேர் எழுதாதீர்கள். அது பவளக்கல். கடலுக்கடியில் வளர்ந்த கல்லை வெட்டி, சுண்ணாம்பு வைத்துக் கட்டியது. புயல் தின்று மிச்சம் வைத்ததில் நீங்கள் ஆணியால் இதயம் வரைந்து அம்பு விடுகிறீர்கள். போகும்போது ஒரு துண்டைப் பெயர்த்து, ராமர் பாலத்துக் கல், தண்ணீரில் மிதக்கும் என்று பையில் போட்டுக்கொள்கிறீர்கள். 2001இலிருந்து பவளத்தைப் புலியோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்கள், எடுத்தால் குற்றம். அதே வருஷம் கடலட்டையையும் அதில் சேர்த்தார்கள். எங்கள் வலையில் தானாக வந்து ஏறுகிற கடலட்டை கூடையில் ஒன்றிரண்டு கிடந்தாலே கேஸ், வக்கீல், வாய்தா. கடல் அழியக் கூடாது, அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. அழிந்தால் முதல் பட்டினி எங்களுக்குத்தான். ஆனால் எங்கள் மீன்கூடையைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள் உங்கள் கார் டிக்கியைத் திறந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கரையில் இது மட்டுமா? பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்களைக் கேளுங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாசி எடுத்து வயிறு கழுவுகிறவர்கள். 1986இல் 21 தீவுகளைச் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதிலிருந்து தீவுப் பக்கம் போனால் விரட்டல், பறிமுதல், அபராதம். இப்போது குருசடைத் தீவைச் சுற்றிப் பார்க்க உங்களுக்குப் படகு விடுகிறார்கள். பாட்டி காலத்திலிருந்து போனவளுக்குத் தடை. டிக்கெட் எடுத்தவருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுக் கைகொடுத்து ஏற்றுகிறார்கள். எரிகிறதா இல்லையா, சொல்லுங்கள்?

இன்னும் சில்லறையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பூநாரை வந்து இறங்குகிற மாதங்களில் ட்ரோன் விடாதீர்கள். கூட்டமாக எழும்பிப் போனால் அன்றைக்கு அவற்றுக்கு இரை இல்லை. 2025இல் இந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயம் என்று அறிவித்திருக்கிறார்கள், பறவைக்காவது பட்டா கிடைத்ததே. ஆமை முட்டையிட ஏறுகிற காலத்தில் கரையில் வண்டி இறக்காதீர்கள். இறக்கிப் புதைந்துகொண்டால் எங்கள் ஆட்களைக் கூப்பிடுகிறீர்கள். தள்ளிவிட்டதும் நோட்டை மணலில் போடாமல் கையில் கொடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். இங்கே நடுநிலைப் பள்ளி இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள். கழித்த துணியைக் கடலில் விட்டால் பாவம் போகும் என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. பாவம் போகிறதோ இல்லையோ, துணி எங்கள் வலைக்குத்தான் வருகிறது. அப்புறம், இங்கிருந்து இலங்கை தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியாது. போனில் மட்டும் சில நேரம் அந்த ஊர் டவர் வந்து வரவேற்பு மெசேஜ் அனுப்பும், நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனவனுடைய பெண்டாட்டி உங்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

புயல் நேரத்தில் தயவுசெய்து வராதீர்கள். பாம்பனில் மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றியதும் எங்களைக் கிளம்பச் சொல்லி ஆள் வருவார்கள். ரேஷன் கார்டையும் வோட்டர் கார்டையும் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வலையை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டு, கிழடு கட்டைகளோடு நாங்கள் மேற்கே போய்க்கொண்டிருக்கும்போது, எதிரே நீங்கள் கிழக்கே வருகிறீர்கள். "அலை நல்லா எழும்புதாக்கா?" என்று பைக்கிலிருந்தபடியே கேட்டான் ஒரு பையன். கன்னத்தில் ஒன்று கொடுத்திருப்பேன். கையில் குடம் இருந்தது.

போன வாடையில் காற்றுக்கு எங்கள் குடிசை விழுந்தது. ஓலை எல்லாம் கடலோடு போச்சு, நாலு கம்பும் அடுப்புக் கல்லும்தான் மிச்சம். நிவாரணம் எழுத வந்தவர் கதவு எண் கேட்டார். கதவே இல்லை, எண்ணுக்கு எங்கே போவது? பட்டா இல்லாத இடத்தில் வீடு இருந்ததாக எழுத முடியாதம்மா என்றார். இருந்தது என்று எழுத முடியாது, சரி. விழுந்தது என்றாவது எழுதுங்கள் என்றேன். பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்தக் கம்புகளுக்கு நடுவில் மணலைக் கிளறிப் பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உங்களில் ஒரு குடும்பம் வந்தது. அறுபத்துநாலு புயலில் விழுந்த வீடு இது என்று அப்பா பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டுப் பின்னால் போய்க் கேமராவைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பிரேமுக்குள்ள வர்றீங்க" என்றார்.

முடியாது, இது என் வீடு என்றேன்.